அனுமதியா, உரிமையா? ஸ்டோன்ஹெஞ்சில் கூடியவர்களின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றுத் திருத்தப்பட்டது.)

ஒவ்வொரு வருஷமும் ஜூன் 21 வாக்கில் உங்க போன்ல ஒரு படம் வந்திருக்கும். இங்கிலாந்தில், வில்ட்ஷயர் பகுதியில், சாலிஸ்பரி சமவெளியில் இருக்கிற ஸ்டோன்ஹெஞ்ச். பிரம்மாண்டமான கற்கள். அதற்கு நடுவே ஆயிரக்கணக்கான மக்கள். சிலர் வெள்ளை அங்கி போட்டிருப்பார்கள், சிலர் பறை மாதிரி ஒன்றைத் தட்டிக்கொண்டிருப்பார்கள், மிச்சப்பேர் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். வடகிழக்கில் சூரியன் எழும். கூட்டம் ஆர்ப்பரிக்கும். சம்மர் சால்ஸ்டிஸ். நம்ம புவியியல் பாடத்துல 'கோடைக் கதிர்த்திருப்பம்'னு படிச்சிருப்போம். வடக்கு அரைக்கோளத்தில் பகல் மிக நீளமாக இருக்கும் நாள்.

அந்தப் படத்துக்குக் கீழே பெரும்பாலும் ஒரே மாதிரி ஒரு வரி இருக்கும்: 'ஐயாயிரம் வருடப் பாரம்பரியம்.'

இன்னிக்கு எபிசோட்ல நான் பேசப்போறது அந்த ஒரு வரியைப் பற்றித்தான். கற்கள் பழசு, அதுல சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கூட்டம்? இன்று நாம் பார்க்கிற மாதிரி, யார் வேண்டுமானாலும் டிக்கெட் இல்லாமல் உள்ளே போய்க் கற்களுக்கு நடுவில் நின்று சூரியனைப் பார்ப்பது 2000-ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய நூறு வருடக் கதையில் முள்கம்பி வேலி இருக்கிறது, நுழைவுக் கட்டணம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, போலீஸ் தடி இருக்கிறது. அந்தக் கதைதான் இன்று.

கல்லின் வயது, கூட்டத்தின் வயது

முதலில் கற்களைப் பற்றிச் சுருக்கமாக. கி.மு. 3000 வாக்கில் அந்த இடத்தில் வட்டமாக ஓர் அகழியும் மண்கரையும் அமைத்தார்கள். இன்று நாம் படத்தில் பார்க்கிற பெரிய கற்கள், அவற்றை சார்சன் என்கிறார்கள், கி.மு. 2500 வாக்கில் நிறுத்தப்பட்டவை. ஒவ்வொன்றும் சராசரியாக 25 டன். உள்ளே இருக்கிற சிறிய நீலக்கற்கள் 200 கிலோமீட்டருக்கும் அப்பால், வேல்ஸின் பிரெசெலி மலைகளிலிருந்து வந்தவை. நடுவில் விழுந்து கிடக்கும் 6 டன் 'பலிபீடக் கல்' ஸ்காட்லாந்தின் வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்தது என்று 2024-ல் கண்டுபிடித்தார்கள். கிட்டத்தட்ட 700 கிலோமீட்டருக்கும் மேலான தூரம். சக்கர வண்டி இல்லாத காலத்தில்!

இந்த அமைப்பு முழுவதும் ஒரு கோட்டின் மேல் நிற்கிறது. அந்தக் கோட்டின் ஒரு முனை, கோடைத் திருப்ப நாளில் சூரியன் உதிக்கும் வடகிழக்கு. மறுமுனை, குளிர்காலத் திருப்ப நாளில், அதாவது டிசம்பர் 21 வாக்கில், சூரியன் மறையும் தென்மேற்கு. ஒரே கோடு, இரண்டு நாட்கள்.

அப்படியென்றால் கட்டியவர்கள் எந்த நாளுக்காகக் கூடினார்கள்? இங்கேதான் பன்றிகள் வருகின்றன.

ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் டரிங்டன் வால்ஸ் என்ற இடம் இருக்கிறது. பெரிய கற்களை நிறுத்திய காலத்தில் மக்கள் தங்கியிருந்த ஊர் இது. தொல்லியலாளர் மைக் பார்க்கர் பியர்சனும் அவருடைய குழுவும் இங்கே தோண்டியபோது பன்றி எலும்புகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. விருந்து சாப்பிட்டு எறிந்த எலும்புகள். பற்களை வைத்து வயதைக் கணக்கிட்டார்கள். நிறையப் பன்றிகள் சுமார் 9 மாதத்தில் கொல்லப்பட்டிருந்தன. அந்தக் காலத்துப் பன்றிகள் வசந்த காலத்தில் குட்டி போடும். ஏப்ரலோடு 9 மாதத்தைக் கூட்டிப் பாருங்க. நடுக்குளிர்காலம்!

அதாவது, பெரிய விருந்து நடந்ததற்கு நம் கையில் இருக்கும் வலுவான சான்று கோடையைக் காட்டவில்லை, குளிர்காலத்தைக் காட்டுகிறது. கோடையில் யாருமே வரவில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் ஜூன் மாதம் அங்கே போய் 'எங்க முன்னோர்கள் இப்படித்தான் கூடினாங்க' என்று சொல்பவர்கள், ஒருவேளை ஆறு மாதம் முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

அடுத்து, வெள்ளை அங்கி. ட்ரூயிட் என்பவர்கள் இரும்புக் காலத்துப் பூசாரிகள். பெரிய கற்கள் நின்று ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் கழித்து வந்தவர்கள். ஸ்டோன்ஹெஞ்சை ட்ரூயிடுகளோடு முடிச்சுப் போட்டது 17-ஆம் நூற்றாண்டின் ஜான் ஆப்ரே, அதற்குப் பின் வந்த வில்லியம் ஸ்டூக்லி போன்ற பழம்பொருள் ஆய்வாளர்கள். ஸ்டூக்லி 1740-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார். அந்தக் கோடைச் சூரிய உதய அச்சை முதலில் கவனித்து எழுதியவரும் அவர்தான். ஒரே ஆளிடமிருந்து ஒரு சரியான கவனிப்பும் ஒரு தவறான முடிவும் வந்தன. மக்கள் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள்.

இதைக் கேலி செய்ய நான் சொல்லவில்லை. பாரம்பரியம் என்பதற்கு வேறு ஓர் ஆதாரத்தைத் தேட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அந்த ஆதாரம் கல்லுக்கு அடியில் இல்லை. வந்துகொண்டே இருந்த மனிதர்களிடம் இருக்கிறது.

ஒரு ஷில்லிங்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. ஜூன் மாதச் சூரிய உதயத்தைப் பார்க்கச் சுற்றுவட்டார மக்கள் ஸ்டோன்ஹெஞ்சுக்கு வர ஆரம்பித்திருந்தார்கள். நடந்து வருவார்கள், குதிரை வண்டியில் வருவார்கள், அப்போது புதுசாக வந்திருந்த சைக்கிளில் வருவார்கள். பூஜை, சடங்கு எல்லாம் பெரிதாக ஒன்றும் கிடையாது. ராத்திரி முழுக்க அரட்டை, சாப்பாடு, விடிந்ததும் சூரியன், பிறகு வீடு. ஒரு நல்ல பிக்னிக்.

அப்போது இந்த இடம் ஒரு தனியார் சொத்து. ஆண்ட்ரோபஸ் என்ற பிரபுக் குடும்பத்தின் எஸ்டேட். 1900 டிசம்பர் 31, வருடத்தின் கடைசி நாள், ஒரு புயலில் பெரிய கல் ஒன்று விழுந்தது. அதன் மேல் இருந்த குறுக்குக்கல்லும் சேர்ந்து விழுந்தது. அடுத்த வருடம் உரிமையாளர் சர் எட்மண்ட் ஆண்ட்ரோபஸ் சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டு, உள்ளே வர ஒரு ஷில்லிங் கட்டணம் வைத்தார். பாதுகாப்புக்காக என்றார். பாதுகாப்பு தேவைப்பட்டதும் உண்மைதான்.

ஆனால் மக்கள் கேட்டார்கள்: 'காலங்காலமா நாங்க வந்து போற இடம். நீங்க எப்படி வேலி போடலாம்?' வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. 1905-ல் தீர்ப்பு வந்தது, உரிமையாளர் பக்கம். தீர்ப்பின் சாரத்தை நான் இப்படிச் சொல்வேன்: இத்தனை வருடமாக நீங்கள் வந்து போனது உங்கள் உரிமையால் அல்ல. உரிமையாளர் தடுக்கவில்லை, அதனால் வந்தீர்கள். அவருடைய பெருந்தன்மை அது. பெருந்தன்மையை அவர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க. அனுமதி என்பது வேறு, உரிமை என்பது வேறு. இந்த எபிசோட் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவிலான சண்டைதான்.

அதே 1905 ஆகஸ்டில் 'ஏன்ஷியன்ட் ஆர்டர் ஆஃப் ட்ரூயிட்ஸ்' என்ற சங்கத்தினர் நூற்றுக்கணக்கில் அங்கே வந்து, புது உறுப்பினர்களைச் சேர்க்கும் விழா நடத்தினார்கள். வெள்ளை அங்கி, ஒட்டுத் தாடி எல்லாம் உண்டு. புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன, பார்த்தால் நிச்சயம் சிரிப்பு வரும். சிறிது காலத்தில் ஜார்ஜ் வாட்சன் மக்ரிகர் ரீட் என்பவர் தலைமையில் இன்னொரு ட்ரூயிட் குழு கோடைத் திருப்ப நாளில் வழிபாடு நடத்தத் தொடங்கியது. இவர்கள் இதை உண்மையான மதமாகவே எடுத்துக்கொண்டவர்கள். 'எங்க கோயிலுக்குள்ள போக நாங்க ஏன் காசு கொடுக்கணும்' என்ற தகராறு அப்போதே ஆரம்பித்துவிட்டது.

முதல் உலகப் போரில் ஆண்ட்ரோபஸின் ஒரே மகன் கொல்லப்பட்டார். 1915-ன் தொடக்கத்தில் அவரும் இறந்தார். எஸ்டேட் ஏலத்துக்கு வந்தது. 1915 செப்டம்பர் 21 அன்று, சாலிஸ்பரியில் ஒரு தியேட்டரில் நடந்த ஏலத்தில், சிசில் சப் என்ற உள்ளூர் வழக்கறிஞர் ஸ்டோன்ஹெஞ்சை 6,600 பவுண்டுக்கு எடுத்தார். வீட்டுக்குச் சாமான் வாங்கப்போன மனுஷன் கல்லை வாங்கிட்டு வந்தார்னு ஊரில் ஒரு கதை உண்டு. கதைதான். மூன்று வருடம் கழித்து, 1918-ல், அதை அப்படியே நாட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு நிபந்தனையோடு: பொதுமக்கள் வந்து பார்க்க வழி இருக்க வேண்டும், கட்டணம் ஒரு ஷில்லிங்கைத் தாண்டக் கூடாது.

இப்போது அது பொதுச் சொத்து. பிரச்சினை முடிந்தது என்றுதானே நினைப்போம்? இல்லை. முன்பு ஒரு பிரபுவிடம் அனுமதி கேட்டோம். இனி அரசாங்கத்திடம்.

வாலிகளின் கோடை

அடுத்த ஐம்பது வருடத்தை வேகமாகத் தாண்டுகிறேன். ட்ரூயிடுகள் வழிபாடு செய்வார்கள், ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள், பக்கத்து ராணுவ முகாம் சிப்பாய்களும் வருவார்கள். கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டம் பாட்டமாக மாறியது. அரசு கம்பி வேலியைப் பலப்படுத்தியது.

1974-ல் ஒரு புது மாதிரிக் கூட்டம் வந்தது. அதன் மையத்தில் இருந்தவர் ஃபில் ரஸ்ஸல் என்ற இளைஞர். எல்லோருக்கும் அவர் வாலி ஹோப். ஜூன் மாதம் ஸ்டோன்ஹெஞ்ச் பக்கத்தில் ஓர் இலவசத் திருவிழா: கூடாரம், இசை, சூரிய உதயம். வந்தவர்கள் சிலநூறு பேர்தான். விழா முடிந்தும் ஒரு சிறு குழு கிளம்பவில்லை, அங்கேயே கூடாரம் போட்டுத் தங்கிவிட்டது. வெளியேற்ற அரசு வழக்குப் போட்டது. நோட்டீஸ் கொடுக்க வேண்டுமென்றால் பெயர் வேண்டுமே? யாரைக் கேட்டாலும் 'வாலி' என்றார்கள். இவரும் வாலி, அவரும் வாலி, அந்தக் கடைசிக் கூடாரத்தில் இருப்பவரும் வாலி. லண்டன் உயர் நீதிமன்றத்தில் வாலிகள் வரிசையாக வந்து நின்றார்கள். வழக்கில் தோற்றார்கள். தோற்றதும் என்ன செய்தார்கள் தெரியுமா? தீர்ப்பு எந்த நிலத்துக்கோ அதைக் காலி செய்துவிட்டு, பக்கத்து நிலத்துக்கு நகர்ந்து கூடாரம் போட்டார்கள்.

இது சிரிக்கும்படியான பகுதி. அடுத்தது அப்படியில்லை. 1975-ல் இரண்டாவது விழாவுக்குக் கொஞ்சம் முன்னால் வாலி ஹோப் கைதானார், எல்.எஸ்.டி. வைத்திருந்ததற்காக. அவரை மனநல மருத்துவமனையில் அடைத்தார்கள். அவர் தொடங்கிய விழாவுக்கு அந்த வருடம் ஆயிரக்கணக்கில் மக்கள் வந்தார்கள், அவரால் வர முடியவில்லை. விழா முடிந்த பிறகு வெளியே விட்டார்கள். செப்டம்பர் மாதம் இறந்துபோனார். வயது 28. அடுத்த வருட விழாவுக்கு நண்பர்கள் அவருடைய அஸ்தியைக் கொண்டுவந்து அந்தக் கற்களுக்கு நடுவில் தூவினார்கள்.

அதன் பிறகு விழா ஒவ்வொரு வருடமும் பெருத்தது. ஹாக்விண்ட் போன்ற ராக் இசைக்குழுக்கள் காசு வாங்காமல் வாசித்தன. பழைய பஸ்ஸையும் வேனையும் வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் குடும்பங்கள் உருவாகின. 'நியூ ஏஜ் டிராவலர்ஸ்' என்று அவர்களுக்குப் பெயர். வேலை இல்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்த காலம். நகரத்தில் வாடகை கொடுக்க முடியாத இளைஞர்களுக்கு அந்த வாழ்க்கை ஒரு வழியாகவும் இருந்தது. 1984-ல் பல பத்தாயிரம் பேர் கூடினார்கள்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லணும். அவ்வளவு கூட்டத்துக்கு அங்கே கழிப்பறை கிடையாது, குப்பை அள்ள ஏற்பாடு கிடையாது. போதைப்பொருள் வெளிப்படையாக விற்றார்கள். மரங்களை விறகுக்கு வெட்டினார்கள். சுற்றியுள்ள வெண்கலக் காலப் புதைமேடுகளில் குழி தோண்டினார்கள். அந்த மேடுகள் ஒவ்வொன்றும் ஒரு தொல்லியல் ஆவணம், தோண்டினால் போனது போனதுதான். இதைப் பார்த்து வயிறெரிந்த தொல்லியலாளர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அதைச் சரிசெய்ய அரசு தேர்ந்தெடுத்த வழி இருக்கிறதே, அதுதான் இந்தக் கதையின் மிக மோசமான நாள்.

1985 ஜூன் 1

1984-ல் ஸ்டோன்ஹெஞ்சின் நிர்வாகம் இங்கிலிஷ் ஹெரிடேஜ் என்ற புதிய அமைப்பிடம் வந்திருந்தது. 1985-ல் விழா நடக்கக் கூடாது என்று முடிவானது. 83 பேரின் பெயரைக் குறிப்பிட்டு நீதிமன்றத் தடையாணை வாங்கினார்கள். அப்போது மார்கரெட் தாட்சர் ஆட்சி. ஒரு வருடம் நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் மார்ச் மாதம்தான் முடிந்திருந்தது. சாலையை மறித்துக் கூட்டத்தைத் தடுப்பதில் பிரிட்டிஷ் போலீசுக்கு அந்த ஒரு வருடத்தில் நல்ல பயிற்சி.

ஜூன் 1, சனிக்கிழமை. சாவர்னேக் காட்டில் இரவு தங்கிய டிராவலர்கள் சுமார் 140 வண்டிகளில் ஸ்டோன்ஹெஞ்சை நோக்கிக் கிளம்பினார்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், நாய்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 600 பேர் கொண்ட ஓர் ஊர்வலம். எதிரே ஆயிரத்துக்கும் மேற்பட்ட போலீஸ். ஸ்டோன்ஹெஞ்சுக்குப் பல கிலோமீட்டர் முன்பே, லாரி லாரியாகச் சரளைக் கல்லைக் கொட்டிச் சாலையை மறித்திருந்தார்கள். வண்டிகள் நின்றன. போலீஸ் முன்வரிசை வண்டிகளின் கண்ணாடிகளை உடைக்க ஆரம்பித்தது. தப்பிக்க வழி தேடி வண்டிகள் வேலியை உடைத்துக்கொண்டு பக்கத்து வயலுக்குள் இறங்கின. மணிக்கணக்காகப் பேச்சுவார்த்தை. 'எங்களைத் திரும்பிப் போகவாவது விடுங்க' என்று கேட்டார்கள். விடவில்லை. சரணடையுங்கள், எல்லோரும் கைது என்பதுதான் பதில்.

மாலையில் ஹெல்மெட்டும் கேடயமுமாக போலீஸ் உள்ளே பாய்ந்தது. வண்டிகள் அடுத்த வயலுக்கு ஓடின. அது பீன்ஸ் பயிரிட்ட வயல். அதனால்தான் வரலாற்றில் இதற்கு 'பீன்ஃபீல்டு போர்' என்று பெயர். போர் என்றால் இரண்டு பக்கமும் படை வேண்டும் இல்லையா? அங்கே இருந்தது ஒரு படைதான். ஓடும் பஸ்களின் கண்ணாடியை உடைத்து, உள்ளே இருந்தவர்களைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து அடித்தார்கள். அவர்களுடைய வீடே அந்த வண்டிகள்தான். அவற்றை நொறுக்கினார்கள். 500க்கும் மேற்பட்டவர்கள் கைது. பிரிட்டனில் ஒரே நாளில் நடந்த மிகப்பெரிய கைதுகளில் ஒன்று அது.

யாருடைய சாட்சியம் எடுபடும் என்பதுதான் அடுத்த கேள்வி. நீண்ட முடி வைத்த, வேலை இல்லாத, பஸ்ஸில் வாழும் ஆட்கள் சொன்னால் யார் நம்புவார்கள்? ஐ.டி.என். தொலைக்காட்சியின் நிருபர் கிம் சபிடோ அந்த வயலிலேயே நின்று, தன் வாழ்க்கையில் பார்த்த மிகக் கொடூரமான போலீஸ் நடவடிக்கைகளில் இது ஒன்று என்ற பொருளில் கேமராவைப் பார்த்துப் பேசினார். பின்னர் அலுவலக நூலகத்தில் தேடியபோது, எடுத்த காட்சிகளில் பெரும்பகுதி அங்கே இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

யாரும் எதிர்பார்க்காத சாட்சி ஒருவர் இருந்தார். கார்டிகன் பிரபு. சாவர்னேக் காடு அவர் குடும்பத்துச் சொத்து. கன்சர்வேடிவ் கட்சிக்காரர். தன் காட்டில் தங்கியவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்தவர், எல்லாவற்றையும் நேரில் பார்த்துவிட்டார். மறுநாள் காட்டில் மிஞ்சியிருந்தவர்களை வெளியேற்ற போலீஸ் அனுமதி கேட்டபோது, முடியாது என்றார். நீதிமன்றத்தில் போலீசுக்கு எதிராகச் சாட்சி சொன்னார். அவரைப் பொய்யர் என்ற தொனியில் எழுதிய பத்திரிகைகள் மீது அவதூறு வழக்குப் போட்டு ஜெயித்தார்.

1991-ல், டிராவலர்கள் தொடுத்த வழக்கில், 21 பேருக்கு மொத்தம் 24,000 பவுண்டு இழப்பீடு கிடைத்தது. தவறான கைது, சட்டவிரோதக் காவல், பொருள் சேதம் ஆகியவற்றுக்காக. ஆனால் வழக்குச் செலவைத் தர நீதிபதி உத்தரவிடவில்லை. கிடைத்த பணம் வக்கீல் செலவுக்கே போய்விட்டது. ஆறு வருடம் போராடி ஜெயித்து, வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். அதே வருடம் 'ஆபரேஷன் சால்ஸ்டிஸ்' என்ற ஆவணப்படம் அன்றைய காட்சிகளையும் சாட்சியங்களையும் தொகுத்தது. இன்று நாம் அந்த நாளைப் பற்றிப் பேச முடிகிறது என்றால், இப்படிப் பிடிவாதமாகச் சேர்த்து வைத்தவர்களால்தான்.

சாலையோரத்தில் 21 பேர்

1985-க்குப் பிறகு ஒவ்வொரு ஜூனிலும் ஸ்டோன்ஹெஞ்சைச் சுற்றித் தடை. 4 மைல், அதாவது சுமார் 6.5 கிலோமீட்டர் சுற்றளவுக்கு விலக்கு மண்டலம். 1986-ல் பொது ஒழுங்குச் சட்டம், 1994-ல் அதைவிடக் கடுமையான இன்னொரு சட்டம். 1994 சட்டத்தில் 'அத்துமீறிக் கூடுதல்' என்ற புதுக் குற்றம் வந்தது. 20 பேரோ அதற்கு மேலோ தடைசெய்யப்பட்ட பகுதியில் கூடினால் கைது. நம்ம ஊர்ல '144 போட்டிருக்காங்க'ன்னு சொல்வோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

1995 ஜூன் 1. பீன்ஃபீல்டு நடந்து சரியாகப் பத்து வருடம். ஸ்டோன்ஹெஞ்ச் வேலியை ஒட்டி அப்போது ஏ-344 என்ற சாலை போனது. அதன் ஓரப் புல்தரையில் 21 பேர் நின்றார்கள். சிலர் கையில் பேனர். கோஷம் இல்லை, மறியல் இல்லை, போக்குவரத்துக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. சும்மா நின்றார்கள். போலீஸ் வந்து கலையச் சொன்னது. மார்கரெட் ஜோன்ஸ், ரிச்சர்ட் லாயிட் ஆகியோர் நகரவில்லை. கைது.

கணக்கைக் கவனிச்சீங்களா? 20 பேரோ அதற்கு மேலோ என்றால் குற்றம். வந்தவர்கள் 21.

முதல் நீதிமன்றம் குற்றவாளி என்றது. மேல்முறையீட்டில் குற்றமில்லை என்றார்கள். அதற்கு மேல் போனபோது மறுபடி குற்றம். கடைசியாக, அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபைக்குப் போனது. கேள்வி மிகவும் எளிமையானது: பொதுச் சாலை எதற்காக? நடந்து போவதற்கும் வண்டியில் போவதற்கும் மட்டும்தானா? அல்லது யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் அங்கே நிற்கவும், கூடவும் பொதுமக்களுக்கு உரிமை இருக்கிறதா?

1999 மார்ச்சில் தீர்ப்பு. ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் ஜோன்ஸ், லாயிட் பக்கம். பொதுச் சாலையில், நியாயமான விதத்தில், பிறர் வழியை மறிக்காமல், அமைதியாகக் கூடுவது அத்துமீறல் ஆகாது. அமைதியாகக் கூடும் உரிமை பற்றிப் பேசும்போது இங்கிலாந்தில் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிற வழக்கு இது.

1905-ல் நீதிமன்றம் சொன்னது: நீங்கள் வந்தது பெருந்தன்மையால். 1999-ல் சொன்னது: நீங்கள் நின்றது உரிமையால். நடுவில் 94 வருடம்.

2000-க்குப் பிறகு

விலக்கு மண்டலத்தை இனி அதே மாதிரி நடத்த முடியாது. ட்ரூயிடுகள், டிராவலர்கள், போலீஸ், இங்கிலிஷ் ஹெரிடேஜ் என எல்லோரும் பல வருடமாகவே ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டும் இருந்தார்கள். 2000 ஜூனில் கதவு திறந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம், இலவசம், கற்களுக்கு நடுவிலேயே நிற்கலாம். ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். எதுவும் உடையவில்லை. அதன் பிறகு வருடா வருடம். 2014-ல் சுமார் 36,000 பேர். 2020-ல் கொரோனாவால் கூட்டம் ரத்தானபோது நேரலையில் லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள்.

நிபந்தனைகள் உண்டு. கல் மேல் ஏறக்கூடாது, ஒலிபெருக்கி கூடாது, 2016-லிருந்து மது கூடாது. உள்ளே போக இலவசம், பார்க்கிங்குக்குக் காசு. தன்னை ஆர்தர் மன்னரின் மறுபிறவி என்று அறிவித்துக்கொண்ட ஆர்தர் பென்டிராகன், முன்னாள் ராணுவ வீரர், இந்தப் பார்க்கிங் கட்டணத்தை எதிர்த்தும் போராடினார். 'ஒரு ஷில்லிங்' தகராறு இன்னும் முடியவில்லை, பாருங்க.

எனக்கு இந்தக் கதையில் ரொம்ப நாளாக உறுத்துகிற ஒன்று இருக்கிறது. 1999 தீர்ப்பு கொடுத்த உரிமை சாலையோரத்துக்குத்தான். கற்களுக்கு நடுவில் நிற்பது இன்றும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் ஒவ்வொரு வருடமும் கொடுக்கிற அனுமதி. நாளைக்கே அவர்கள் நிறுத்தலாம். ஏ-344 சாலையும் இப்போது அங்கே கிடையாது. 2013-ல் ஸ்டோன்ஹெஞ்சை ஒட்டிய பகுதியை மூடி, சாலையைப் பெயர்த்துப் புல் வளர்த்துவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 21 பேர் நின்ற இடம் எது என்று தேடினால், புல் மட்டும்தான் தெரியும்.

அதனால் அடுத்த ஜூனில் அந்தப் படம் உங்க போனுக்கு வரும்போது, 'ஐயாயிரம் வருடப் பாரம்பரியம்' என்ற வரியைக் கொஞ்சம் மாற்றிப் படிங்க. அங்கே நிற்பவர்களுக்கு அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தது ட்ரூயிடோ கற்கால மனிதனோ இல்லை. ஷில்லிங் கொடுக்க மறுத்தவர்கள், நீதிமன்றத்தில் எல்லோரும் ஒரே பெயர் சொன்னவர்கள், பீன்ஸ் வயலில் வீட்டை இழந்தவர்கள், பார்த்ததைப் பார்த்தபடி சொன்ன ஒரு பிரபு, சாலையோரத்தில் நகராமல் நின்ற இருவர். அவர்கள் எல்லோரும் சேர்ந்து வாங்கியது அது. ஒரு நூற்றாண்டு வயது. எனக்கு அந்தப் பழமையே போதும்.

இந்த எபிசோட் பிடிச்சிருந்தா, நண்பர்களோட பகிர்ந்துக்கோங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.